முதல் ரவுண்டில் எடுக்கக் கூடாத ஆள்

1

ஏப்ரல் பாதியில் நம் கரையில் தடைக்காலம் தொடங்கிவிடும். விசைப்படகுகள் இரண்டு மாதம் கடலுக்குப் போகாது. தங்கச்சிமடத்தில் படகு ஓட்டும் என் மனைவியின் அண்ணன் சூசைக்கு அந்த இரண்டு மாதமும் பொழுது போகாது. அமெரிக்காவில் இருக்கும் எனக்கு நாள் தவறாமல் போன் போடுவார். இந்த வருடம் ஏப்ரல் கடைசியில் நான் எடுக்கவில்லை. ஒரு வாரம் விட்டுத்தான் பேசினேன்.

"என்ன மாப்ள, அங்கன ஏதும் விசேசமா? என் தங்கச்சிட்ட கேட்டா, அவுக மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காகன்னு சொல்றா."

"டிராஃப்ட் முடிஞ்சிச்சு மச்சான். அதான்."

"அது என்னது?"

சொன்னேன். இங்கே ஃபுட்பால் என்று ஒரு விளையாட்டு. பேர்தான் அப்படி, பந்தைக் காலால் உதைப்பது கொஞ்சம். கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் அதிகம். காலேஜில் நன்றாக ஆடுகிற பிள்ளைகளைப் பெரிய அணிகள் வருடத்துக்கு ஒரு தடவை, ஏப்ரல் கடைசியில், வரிசையாக ஆளுக்கு ஒருவராக எடுத்துக்கொள்ளும். போன வருடம் ரொம்பத் தோற்ற அணிக்கு முதல் முறை. ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று. அதைத்தான் ரவுண்டு என்பார்கள். முதல் ரவுண்டில் போனவனுக்குப் பெரும் பணம். கீழே போகப் போகச் சம்பளமும் இறங்கும்.

"நம்ம கிரிக்கெட் ஏலம் மாதிரின்னு சொல்லு."

"ஏலத்துல நாலு பேரு கேட்டா வெல ஏறும்ல மச்சான்? இங்க அது கெடையாது. யாரு எடுத்தாகளோ அவுகளுக்குத்தான்."

"எனக்கு இந்த ஊரு வேணாம், அந்த ஊருதான் வேணும்னு சொல்ல முடியாதா?"

"முடியாது."

"என்ன மாப்ள இது. சந்தையில மாடுகூடக் கயித்த இழுத்துப் பாக்கும்."

சிரித்தேன். போனை மனைவி ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டேன். மச்சானிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். மிக்கேல் மகன் ராயப்பன். பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டுப் படகில் வலை இழுத்தவன். ஸ்டெல்லாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்து, அவள் பின்னால், கைக்குழந்தை ஜெசிந்தாவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இங்கே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் துணி வெளுக்கிற கூடத்தில் வேலை. ஈரப் படுக்கை விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து வண்டியில் போட வேண்டும். இழுப்பதற்கென்றே ஆண்டவர் என்னைப் படைத்திருக்கிறார் போல. வந்த புதிதில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று ஆபீஸில் கேட்டார்கள். நமக்கு ஏது கடைசிப் பெயர்? அய்யாவின் பெயரைச் சொன்னேன். அடையாள அட்டையில் அதைத்தான் பெரிதாகப் போட்டார்கள். அன்றிலிருந்து இங்கே எல்லோருக்கும் நான் மைக்கேல். அய்யா செத்த அன்று நான் லீவு கேட்டபோது, "யாரு, மைக்கேலா செத்தது?" என்று மேலாளர் கேட்டார். ஆமாம் என்றேன்.

2

அந்தக் கூடத்தில் எனக்கு அக்கா மாதிரி ஒருத்தர் இருக்கிறார். பெயர் மார்லின். கறுப்பினத்துப் பெண்மணி. தெற்கே லூசியானாவில் கடலோரத்தில் பிறந்தவர், பரம்பரைக் கத்தோலிக்கர். நண்டை ஓடு உடைத்துச் சாப்பிடத் தெரிந்த ஆளை இந்தக் குளிர் ஊரில் அவரிடம்தான் பார்த்தேன். எங்களுக்கு ஒரே பங்குக் கோயில், ஞாயிறு ஒரே பூசை. எனக்குத் தோள்பட்டை இறங்கிப் போய்க் கையைத் தூக்க முடியாமல் கிடந்த மாதங்களில் என் வண்டியையும் சேர்த்துத் தள்ளியவர் அவர்தான். மேலாளர் காதுக்கு அது போகாமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

அவருக்கு ஒரே மகன், டெஸ்மண்ட். கணவர் எப்போதோ போய்விட்டார். ஸ்டெல்லா வைக்கிற மீன் குழம்பை டெஸ்மண்ட் பிரெட்டில் தொட்டுச் சாப்பிடுவான். "ஆன்ட்டி, இதுல என்னதான் போடுறீங்க?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்பான். எங்கள் ஜெசிந்தாவைவிட நாலைந்து வயது சின்னவன். ஞானோபதேச வகுப்பில் அவள்தான் அவனுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவள். காலேஜில் அவன் ரன்னிங் பேக். அப்படியென்றால், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிராளிகளின் கூட்டத்துக்குள் முட்டி மோதி ஓடுகிறவன். ஒவ்வொரு ஆட்டத்திலும் அதிகமாக அடி வாங்குகிறவன் அவன்தான். விழுவான், எழுவான், மறுபடி பந்தை அவன் கையில்தான் கொடுப்பார்கள்.

ஜனவரியில் அவன் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தான். மார்லினுக்கு ஒரே வேண்டுதல்: முதல் ரவுண்டு. முதல் ரவுண்டில் போய்விட்டால் மகன் நாளைக்கே காலொடிந்து விழுந்தாலும் பேசிய பணம் வந்துவிடும். மார்லின் அந்த நீராவிக் கூடத்தை விட்டு வெளியே வரலாம். அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. மாடிப்படியைக் கண்டால் நின்று மாதாவைக் கூப்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்.

எங்கள் கூடத்தில் ஸ்டான் என்று ஒரு கிழவர். மெஷின் பழுது பார்ப்பவர். விளையாட்டுப் பைத்தியம். காபி குடிக்கிற நேரத்தில் ஆரம்பித்துவிடுவார். அவர்கள் பேசுவது இங்கிலீஷ். எனக்குள் அது நம்ம பேச்சாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

"ரன்னிங் பேக்க முதல் ரவுண்டுல எடுக்குறவன் கிறுக்கன். நாளைக்கு மழைன்னு தெரிஞ்சும் இன்னைக்குக் காரைக் கழுவுறவன்."

"ஸ்டான், உன் வாயைக் கழுவ இங்க இருக்குற மெஷின் பத்தாது" என்றார் மார்லின்.

"நான் டெஸ்மண்டைச் சொல்லல மார்லின். பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாத்தான் எல்லாரும் சொல்றீங்க. அடி மட்டும் என் பிள்ளைக்குத் தனியா விழுது."

"மைக்கேல், நீ சொல்லு. உன் மகதான் பெரிய டீமுல இருக்காளே. அவ என்ன சொல்றா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோப்பையைக் கழுவப் போய்விட்டேன்.

3

ஆமாம், என் மகள் அப்படி ஓர் அணியில்தான் வேலை பார்க்கிறாள். பெயரை எழுதக் கூடாது என்பது அவள் கட்டளை. வேறு மாநிலம், விமானத்தில் போக வேண்டிய தூரம். புள்ளியியல் படித்தவள். எந்த ஆட்டக்காரன் எவ்வளவு ஓடினான், எத்தனை அடி தாங்குவான், அவனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு மேலே இருப்பவர்களுக்குச் சொல்லும் கூட்டத்தில் இவளும் ஒருத்தி. தங்கச்சிமடத்தில் இதைச் சொன்னால், "கொழந்த ஏசு மாதிரி பிள்ளை, அம்புட்டு ஆம்பளைகளுக்கு நடுவுல என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பெருமைதான். பொய் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வர மாட்டாள். அப்போதுதான் ஆட்டங்கள் உச்சம். இந்த வருடம் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். ஸ்டெல்லா மீன் வாங்கி வைத்திருந்தாள். இவள் வழியில் வாங்கிய கோழி ரொட்டியைப் பிரித்து மேசையில் வைத்தாள். தவக்கால வெள்ளியில் இறைச்சி தொடக் கூடாது என்பது நினைவில்லை. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள், நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். சிலுவை போட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் செபம் சொன்னோம். மகள் மரியாதையாகக் காத்திருந்தாள், வேறு மதத்து விருந்தாளி காத்திருப்பதுபோல.

நான்தான் பேச்சை எடுத்தேன்.

"ஏம்மா, ரன்னிங் பேக்க முதல் ரவுண்டுல எடுக்கக் கூடாதுங்குறாகளே, நெசமா?"

"ஆமாப்பா. எடுக்கக் கூடாது. எங்க டீமுல அதைச் சொன்னதே நான்தான்." முகம் மலர்ந்துவிட்டது. வேலையைப் பற்றி நான் கேட்பது அபூர்வம். "பாருங்க, அவன் தனியா ஓடல. முன்னாடி அஞ்சு பேர் வழி உண்டாக்குறாங்க. வழி இருந்தா யாரும் ஓடலாம்."

"யாருமுன்னா? நான் ஓடுவேனா?"

"நீங்க வேண்டாம். அம்மாவுக்குத்தான் வேலை." மூன்று பேரும் சிரித்தோம். "நாலாவது ரவுண்டுல கிடைக்கிறவன் ஓடுவான்ப்பா. அவனுக்கும் முதல் ரவுண்டு ஆளுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கு ஏன் அவ்வளவு கொடுக்கணும்?"

"நல்லா ஓடுறவன் எத்தன வருசம் ஓடுவான்?"

"அதான் அடுத்த விஷயம். முதல் ஒப்பந்தம் நாலு வருஷம். அது முடியிறப்ப உடம்பு தேய்ஞ்சிருக்கும். ரெண்டாவது ஒப்பந்தம் பேசும்போதுதான் அவன் பெருசாக் கேட்பான். அப்பக் கொடுக்கக் கூடாது. விட்டுட்டு, டிராஃப்ட்ல இன்னொரு புது ஆளை எடுத்துக்கணும்."

ஸ்டெல்லா மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்: "எங்க வார்டுல கையுறை அப்படித்தான். ஒரு தடவ போட்டுட்டுக் கழட்டிப் போட்டுருவோம்."

"அம்மா, இது பிசினஸ்."

"சரி, ஒண்ணு கேக்குறேன்" என்றேன். "சீக்கிரம் தேயிறவனுக்குத்தான முந்திக் குடுக்கணும்? கூடக் குடுக்கணும்? பந்த எறியிறவன் நாப்பது வயசு வரைக்கும் எறியிறான், அவனுக்கு அள்ளிக் குடுக்குறீக. இவன் இருபத்தேழுல முடிஞ்சிருவான்னு உங்களுக்கே தெரியிது. அப்ப?"

அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். நல்ல பிள்ளை, யோசித்துத்தான் பேசுவாள்.

"நீங்க சொல்றது நியாயம்ப்பா. நான் நியாயத்துக்குக் கணக்குப் போடல. ஜெயிக்கிறதுக்குப் போடுறேன். எல்லா டீமும் அதைத்தான் போடுது. நான் ஒருத்தி போடலைன்னா இன்னொருத்தர் போடுவாங்க."

"நம்ம டெஸ்மண்ட் எப்படி?"

"நல்ல ஆளு. ரொம்ப நல்ல ஆளு. ஆனா அதை நான் வெளியில பேசக் கூடாது. இதோட விடுங்கப்பா."

கை கழுவ எழுந்து போய்விட்டாள். அந்த 'ரொம்ப நல்ல ஆளு' எனக்குப் போதுமானதாக இருந்தது. அதைக் கேட்டு மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னேன். கேட்ட காதுக்கு மூளை இல்லை.

4

மார்லின் வாய்விட்டுக் கேட்டது குருத்து ஞாயிறன்று. பூசை முடிந்து கையில் ஓலையோடு நின்றிருந்தோம்.

"மைக்கேல், உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல. ஜெசிந்தா டீமுக்கு முதல் ரவுண்டுல முறை இருக்கு. அவ ஒரு வார்த்த சொன்னா? சின்ன வயசுலேர்ந்து அவனத் தெரியும், ஒழுக்கமானவன், பூசைக்கு வர்ற பிள்ளைன்னு. அம்புட்டுப் போதும்."

நம் ஊரில் ஒருத்தர் இப்படிக் கேட்டால் என்ன சொல்வோம்? "சொல்றேன் அக்கா, சொல்லிருவோம்" என்போம். அப்படிச் சொல்வது மரியாதை. கேட்டவருக்கும் தெரியும் அது மரியாதை என்று. காரியம் நடந்தால் சந்தோஷம். நடக்காவிட்டால், "பாவம், அவரும் சொல்லித்தான் பாத்திருப்பாரு" என்று போய்விடுவார்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்கிறவனைத்தான் ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். இத்தனை வருடம் இங்கே இருந்தும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. என் தோளுக்காக வண்டி தள்ளியவரிடம் முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

"சொல்றேன் மார்லின். நான் சொன்னா ஜெசி செய்வா" என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இந்த ஊரில் சொன்னால் சொன்னதுதான் என்பது அந்தப் பிடியில்தான் எனக்கு உறைத்தது. அந்த வாரமே கூடத்தில் மார்லினின் நடை மாறிவிட்டது. ஸ்டானிடம் சண்டை போடவில்லை. அவர் ரன்னிங் பேக் என்று ஆரம்பித்தாலே புன்னகைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

பெரிய வியாழன் காலையில் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். சொல்லி முடிக்கவில்லை.

"அப்பா, நீங்க ஓகேன்னு சொன்னீங்களா அவங்ககிட்ட?"

"நம்ம ஆளுகம்மா. சும்மா ஒரு வார்த்த..."

"சும்மா வார்த்தையா? தெரிஞ்சா என் வேலை போயிடும். அவங்களை எனக்குத் தெரியும்னு ஏற்கெனவே ஆபீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கேன். இப்ப இதையும் சொல்லணும். ஏன்ப்பா இப்படிப் பண்றீங்க? இது தங்கச்சிமடம் இல்ல."

"தங்கச்சிமடத்துல என்ன கொறச்சலு?"

"நான் அப்படிச் சொல்லல. டிராஃப்ட் முடியிற வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதீங்க. ப்ளீஸ்."

உயிர்ப்புத் திருவிழாவான ஈஸ்டருக்கும் அவள் பேசவில்லை. ஸ்டெல்லாவுக்கு ஒரு முட்டைப் படம் அனுப்பியிருந்தாள். ஸ்டெல்லா என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஏங்க, நீங்க மார்லின்ட்ட போயி, முடியல, ஏலல, மன்னிச்சிருங்கன்னு சொல்லிருங்க" என்றாள். போனேன். மார்லின் பெரிய கேக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்திருந்தார். டெஸ்மண்டின் ஆட்டச் சட்டை நம்பரை மேலே எழுதச் சொல்லியிருந்தாராம். சொல்லாமல் திரும்பி வந்தேன்.

5

டிராஃப்ட் மூன்று நாள் நடக்கும். வியாழன் சாயங்காலம் முதல் ரவுண்டு. பங்குக் கோயிலின் கீழ்க் கூடத்தில் பெரிய டிவி வைத்திருந்தார்கள். பங்குச் சாமியாரும் வந்திருந்தார். டெஸ்மண்ட் புதுக் கோட்டுப் போட்டு, போனை மேசையில் திரை தெரிய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எடுக்கிற அணிக்காரர்கள் டிவியில் பெயர் சொல்லும் முன்னால் போனில் கூப்பிடுவார்களாம்.

ஒவ்வொரு பெயராக வந்தது. பந்து எறிகிறவன். எறிகிறவனுக்குக் காவல் நிற்கிறவன். எதிரில் பாய்கிறவன். ஜெசிந்தாவின் அணியின் முறை வந்தபோது மார்லின் செபமாலையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். காவல் நிற்கிற ஒரு பையனை எடுத்தார்கள். மார்லின் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

டிவியில் கோட்டுப் போட்ட இரண்டு பேர் டெஸ்மண்டைப் பற்றி வழக்காடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "இந்த வருஷத்துல இவனைவிடத் திறமையானவன் இல்ல" என்றார். மற்றவர், "திறமை சரி, ஆனா அவன் ரன்னிங் பேக்" என்றார். அந்த 'ஆனா'வுக்கு மேல் அவருக்குப் பேச வேண்டியிருக்கவில்லை. எதிரே இருந்தவரும் தலையாட்டிவிட்டார்.

முதல் ரவுண்டு முடிந்தது. கேக்கை வெட்டவில்லை. "நாளைக்கு இருக்கும்மா" என்று டெஸ்மண்டே அம்மாவைத் தேற்றினான்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது ரவுண்டும் மூன்றாவதும். கூடத்தில் பாதிப் பேர் வரவில்லை. ஸ்டான் மட்டும் வந்து டெஸ்மண்ட் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாப் பயலும் கிறுக்கனுங்க. உன்ன எடுக்காதவன் எல்லாம் கிறுக்கன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றும் போன் அடிக்கவில்லை. டெஸ்மண்ட் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்தான், கசங்கட்டும் என்று.

சனிக்கிழமை அவர்கள் வீட்டில் நாங்கள் மட்டும்தான். நாலாவது ரவுண்டு ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் பெயர்களை வேகமாகப் படித்துத் தள்ளினார்கள். மார்லின் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. டெஸ்மண்ட் எழுந்து நின்று "யெஸ் சார், யெஸ் சார்" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் ஓடியது. போனை வைத்துவிட்டு என்னைத்தான் முதலில் பார்த்தான்.

"அங்கிள், ஜெசி டீம்."

மார்லின் அடுப்படியிலிருந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கை ஈரம் என் முதுகில் பட்டது.

"சொன்னபடி செஞ்சிட்டா! யாருமே வேணாம்னு விட்ட என் பிள்ளைய அவதான் எடுக்க வச்சிருக்கா. மைக்கேல், உன் மக நல்லா இருக்கணும். அவ வயித்துப் பிள்ளைகளும் நல்லா இருக்கணும்."

நானும் அழுதேன். அந்த நேரத்தில் நானும் அப்படித்தான் நம்பினேன்.

6

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டேன். எடுத்தாள்.

"ஆண்டவர் உன்ன ஆசீர்வதிக்கணும்மா. மார்லின் அழுதுட்டாக."

"எதுக்குப்பா?"

"எதுக்கா? கைவிட்டுப் போன பிள்ளைய நீ எடுத்து விட்டியே."

பின்னால் அவளுடைய ஆபீஸில் யாரோ கைதட்டுவது கேட்டது.

"அப்பா, உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன். நான் எடுத்து விடல. எங்க லிஸ்ட்ல ரன்னிங் பேக்ல அவன்தான் முதல் ஆளு. ஆரம்பத்துலேர்ந்தே. ஆனா யாரும் முன்னாடி எடுக்க மாட்டாங்கன்னு தெரியும். நாலாவது ரவுண்டு வரைக்கும் இருப்பான்னு நான்தான் சொன்னேன். இருந்தான்."

"அப்ப முதல் நாளே உங்களுக்கு அவன் வேணும்."

"வேணும்."

"வேணும்னு தெரிஞ்சே மூணு நாளு காக்க வச்சீக."

"காக்க வைக்கலப்பா. காத்திருந்தோம். வேற யாரும் எடுத்திருந்தா போயிருப்பான். அது ரிஸ்க். அதை நாங்க எடுத்தோம்." குரலில் மகிழ்ச்சியை அடக்கிக்கொண்டிருந்தாள் என்று எனக்குப் பட்டது. "இன்னைக்கு எங்க பாஸ் எல்லார் முன்னாடியும் என் பேரைச் சொன்னார்ப்பா."

அந்தச் செய்தியை வேறொரு நாள் சொல்லியிருந்தால் நான் ஊருக்கே போன் போட்டிருப்பேன்.

போனை வைத்தேன். எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. எங்கள் கரையில் படகுக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்போம். தடைக்காலம் முடியப் போகிற வாரத்தில் சம்மாட்டிகள் படகுக்கு ஆள் பேசுவார்கள். எங்கள் சம்மாட்டி ஒருவர், ரொம்ப பக்தியானவர், கோயில் கொடிமரத்துக்கு வர்ணம் அடித்துக் கொடுத்தவர், என்னை மட்டும் கடைசி நாள் வரை கூப்பிட மாட்டார். நான் நன்றாக வலை இழுப்பேன் என்று அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதும் தெரியும். கடைசி நாள் சாயங்காலம் அய்யாவே என்னை அவர் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். "ஏலே, இம்புட்டு நாளு எங்கடா போன? எடமே இல்லையே" என்பார் சம்மாட்டி. அப்புறம் மற்றவர்களைவிடக் குறைத்துப் பேசி எடுத்துக்கொள்வார். அய்யா அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வருவார். இடமே இல்லாத படகில் என் பிள்ளைக்கு இடம் கொடுத்தார் என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கரையே வேண்டாம் என்றுதான் கடல் தாண்டி வந்தேன். கஞ்சியைக் குறைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தேன். என் பிள்ளை எந்தச் சம்மாட்டி வாசலிலும் நிற்கக் கூடாது என்று மண்டியிட்டு வேண்டினேன். ஆண்டவர் கேட்டார். அவள் நிற்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்.

மகளைக் குறை சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் பொய் சொல்லவில்லை, யாரையும் ஏய்க்கவில்லை. "அவங்ககிட்ட உண்மையச் சொல்லிருங்கப்பா, எனக்கு அந்த நன்றி வேண்டாம்" என்றும் சொன்னாள். அதுவும் நேர்மைதான். ஆனால் சொல்ல வேண்டியவன் நான்.

7

மறுநாள் ஞாயிறு. பூசைக்கு முன்னால் சாமியார், இன்றைய பூசை டெஸ்மண்டின் அம்மா கொடுத்திருக்கும் நன்றிப் பூசை, ஜெசிந்தா செய்த உதவிக்காக, என்று வாசித்தார். ஜனங்கள் திரும்பி எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஸ்டெல்லா குனிந்துகொண்டாள். முந்தின ராத்திரியே அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். நற்கருணை வாங்க எனக்குக் கால் வரவில்லை; பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு பூசைக்குப் போய்விட்டு நற்கருணை வாங்காமல் திரும்பியது அன்றுதான்.

சொல்லிவிடலாம் என்றுதான் வெளியே வந்து படியில் நின்றேன். மார்லின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். முகத்தில் அப்படி ஓர் ஒளி. பக்கத்தில் ஸ்டெல்லா அவர் கையைத் தாங்கிக்கொண்டாள்.

"வேலையை விட்டுருவேன்னு நெனச்சிராத மைக்கேல். நாலாவது ரவுண்டு காசு எனக்கு ஓய்வு குடுக்காது. அது பரவால்ல. நாலு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்த வண்டியத் தள்ளிருவேன். அவன் நல்லா ஓடிட்டான்னா ரெண்டாவது ஒப்பந்தம் பெருசா வரும். அப்ப நின்னுக்குறேன்." மூச்சு வாங்கினார். "ஜெசிந்தா உள்ள இருக்கால்ல. அவ பாத்துக்க மாட்டாளா? ரெண்டாவது ஒப்பந்தம் வரும்ல?"

ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இன்னும் பாட்டு முடியவில்லை.

"வரும்" என்றேன்.